யு.டி.ஆர். அளவையில் போன 38 சென்ட்: ஹைகோர்ட் ஆணை வந்தும் 'சிவில் கோர்ட்டுக்குப் போ' என்று கடிதம். அடுத்து என்ன செய்வது?

வாய்க்கால்கரை | 12 ஜனவரி 2025

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

டெல்டாவில் எங்கள் ஊர். அப்பா 1968-ல் கிரயம் வாங்கிய நன்செய், பழைய புல எண் 214/3, ஒரு ஏக்கர் 48 சென்ட். பத்திரத்தில் தெற்கெல்லை 'பாசன வாய்க்காலுக்கு வடக்கு' என்று எழுதியிருக்கிறது. அந்த வாய்க்கால் இன்றும் அதே இடத்தில்தான் ஓடுகிறது. அதற்குத் தெற்கே 214/4, பக்கத்து வயல்காரருடைய 92 சென்ட்.

எங்கள் வயலுக்கு உள்ளேயே ஒரு நடுவரப்பு உண்டு. வடக்கே மேட்டுத் தாக்கு, தெற்கே பள்ளத் தாக்கு. பள்ளத் தாக்கு 38 சென்ட், எங்கள் ஊர்க் கணக்கில் ஒரு மாவுக்குச் சற்று மேல். 1983-ல் பாட்டிக்கு உடம்பு முடியாமல் போனபோது, அப்பா பள்ளத் தாக்கை மட்டும் இரண்டு வருடத்துக்கு அந்தப் பக்கத்து வயல்காரரிடமே குத்தகைக்கு விட்டார். எழுத்து எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். அவரும் சொன்ன சொல் மாறாமல் 1985-ல் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரைப் பற்றி இன்றும் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த இரண்டு வருடத்துக்குள் யு.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் அரசுத் திட்டம்) அளவை எங்கள் ஊருக்கு வந்து போயிருக்கிறது. 214/3-ஐ இரண்டாக உடைத்து, 214/3ஏ 0.44.5 ஹெக்டேர் அப்பா பெயரிலும், 214/3பி 0.15.5 ஹெக்டேர் குத்தகைக்காரர் பெயரிலும் எழுதிவிட்டார்கள். அப்பாவுக்கு இது தெரியவே தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் கடைசிவரை அவர் அந்த நிலத்தைக் கேட்டதே இல்லை.

பக்கத்து வயல்காரர் காலமானபின் அவருடைய மகன், 2019-ல் பட்டாவில் உள்ளபடி மொத்தம் ஒரு ஏக்கர் 30 சென்ட் என்று ஒரு வெளியூர்க்காரருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் சர்வேயருடன் வந்து நடுவரப்பில் கல் நட்டார். அப்போது பள்ளத் தாக்கில் குறுவைக்கு நாற்று விட்டிருந்தோம். நாற்றங்காலுக்குள் இறங்கித்தான் டேப் பிடித்தார்கள். அப்பா வரப்பில் நின்று 'இது என் நிலமய்யா, என் நிலமய்யா' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சர்வேயர் படத்தைக் காட்டி, 'படம் இப்படித்தான் சொல்கிறது, பெரியவரே' என்றார். இது நடந்து இரண்டு வருடத்தில் அப்பா போய்விட்டார். அந்தத் தாக்கு அன்றிலிருந்து தரிசாகக் கிடக்கிறது. வாங்கியவரும் இறங்கவில்லை, எங்களாலும் இறங்க முடியவில்லை.

2019-லேயே வட்டாட்சியரிடம் மனு கொடுத்தோம், பதில் இல்லை. 2022-ல் மாவட்ட வருவாய் அலுவலருக்கு மனு போட்டேன், அதற்கும் பதில் இல்லை. 2023-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் (அலுவலர் தன் கடமையைச் செய்ய ஆணையிடக் கேட்கும் மனு) போட்டோம். 2024 பிப்ரவரியில் ஆணை வந்தது. 'மனுதாரரின் மனுவை மாவட்ட வருவாய் அலுவலர், சம்பந்தப்பட்ட அனைவருக்கும் அறிவிப்பு கொடுத்து விசாரித்து, தகுதியின் அடிப்படையில், ஆணை நகல் கிடைத்த 12 வாரங்களுக்குள் முடிவு செய்ய வேண்டும்' என்பது அதன் சாரம். நகலை 4 மார்ச் 2024 அன்று சேர்த்துவிட்டேன், ஒப்புகை அட்டை கையில் இருக்கிறது. செப்டம்பரில் வட்ட அலுவலகத்திலிருந்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. 'பட்டாதாரர்களிடையே உரிமைப் பிரச்சினை உள்ளதால் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகிப் பரிகாரம் தேடிக்கொள்ளவும்.' அவ்வளவுதான்.

ஹைகோர்ட்டே சொல்லியும் திருத்த மாட்டார்கள் என்றால் யார் சொன்னால் திருத்துவார்கள்? அவமதிப்பு வழக்கு போடலாமா, இல்லை அவர்கள் சொல்வதுபோல் முன்சீப் கோர்ட்டில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா? வீட்டில் எல்லோரும் 'விட்டுவிடு' என்கிறார்கள். எனக்கு விட மனமில்லை.

---

பொன்னேர் | 12 ஜனவரி 2025

அக்கா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ஆணையை இன்னொரு தடவை படியுங்கள். 'திருத்து' என்று கோர்ட் எங்கேயும் சொல்லவில்லை. 'விசாரித்து முடிவு செய்' என்றுதான் இருக்கிறது. 'முடியாது' என்று சொன்னாலும் அதுவும் ஒரு முடிவுதானே? எங்கள் சித்தப்பா வழக்கில் இதேதான் நடந்தது. ஆணை வந்த அன்று ஊருக்கே மிட்டாய் கொடுத்தார், ஆறு மாதம் கழித்து நிராகரிப்புக் கடிதம் வந்தது. சிவில் வழக்குதான் வழி என்று நினைக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

---

சங்கிலிக்காரர் | 13 ஜனவரி 2025

அம்மா, நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். யு.டி.ஆரில் களத்தில் நின்றவன். உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

யு.டி.ஆர். 1979 ஜூன் முதல் 1987 ஏப்ரல் வரை நடந்தது. ஏக்கர், சென்ட்டை ஹெக்டேர், ஏர் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு) ஆக மாற்றுவதும், பதிவேட்டில் செத்தவர் பெயராகக் கிடந்ததை இருப்பவர் பெயருக்கு மாற்றுவதும்தான் வேலை. நல்ல நோக்கம்தான். ஆனால் வயலுக்குப் போய் நாங்கள் கேட்ட முதல் கேள்வி, 'இதில் யார் விவசாயம் பண்ணுவது?' என்பதுதான். பத்திரம் பார்க்க நேரமிருந்தால் பார்ப்போம். ஒரு கிராமத்தை இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று மேலிருந்து நெருக்கடி. நிலத்தில் நின்றவர் பெயரை எழுதினோம். கண்ணுக்குத் தெரிந்த தடித்த வரப்பை எல்லையாகப் பிடித்தோம். உங்கள் பள்ளத் தாக்கில் நடந்தது இதுவாகத்தான் இருக்கும். அங்கே ஒரு நடுவரப்பு, தெற்கே வேறு ஒருவர் நடவு நட்டுக்கொண்டிருக்கிறார். குத்தகைக்காரரா சொந்தக்காரரா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. திட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, 1980 நவம்பரில், கர்ணம் (ஊர்க் கணக்கர்), கிராம முன்சீப் (ஊர் அதிகாரி) பதவிகளை அரசு ஒழித்தது. பரம்பரைப் பதவி ஒழிந்தது நியாயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எந்த வயல் யாருடையது, யார் யாருக்குக் குத்தகை விட்டிருக்கிறார் என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஆள் எங்கள் பக்கத்தில் இல்லாமல் போனார். எங்களுக்கும் ஊர் புதிது, அடுத்து வந்த நிர்வாக அலுவலர்களுக்கும் ஊர் புதிது.

சரி, இப்போது உங்களுக்குப் பயன்படும் விஷயம். அளவைப் பிழை என்று பொதுவாகச் சொன்னால் அலுவலகத்தில் எடுபடாது. என்ன பிழை என்று பிரித்துச் சொல்ல வேண்டும். படத்தில் அளவு தப்பாக இருப்பது ஒன்று, அதை நில அளவைப் பிரிவே பழைய புலப்படத்தை (புல எண்ணின் அளவுப் படம்) வைத்துச் சரி செய்யலாம். உங்களுடையது அது இல்லை. உங்கள் படத்தில் கோடு 'சரியாகவே' வரையப்பட்டிருக்கிறது, ஆனால் அங்கே கோடே இருந்திருக்கக் கூடாது. அதாவது ஆதாரம் இல்லாத உட்பிரிவு, அதன்மேல் ஆதாரம் இல்லாத பெயர். இதைத் திருத்துகிற அதிகாரம் மாவட்ட வருவாய் அலுவலருக்கு உரியது. அதனால்தான் கோர்ட்டும் அவருக்கு உத்தரவு போட்டிருக்கிறது.

நீங்கள் எடுக்க வேண்டியது, யு.டி.ஆருக்கு முந்தைய அ பதிவேட்டின் (ஊரின் நிலப் பதிவேடு) சான்றிட்ட நகல், 214-ம் எண்ணின் பழைய புலப்படம், அப்புறம் யு.டி.ஆர். அ பதிவேடு. யு.டி.ஆர். பதிவேட்டில் ஒவ்வொரு வரியிலும் பழைய எண், புதிய எண், குறிப்பு என்று கலங்கள் இருக்கும். 3பி எதிரே குறிப்புக் கலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பத்திர எண்ணோ, பாகப்பிரிவினையோ, எதுவும் இல்லாமல் காலியாக இருந்தால் அதுதான் உங்கள் பெரிய சாட்சி. வட்ட அலுவலகத்தில் பழைய பதிவேடு 'கிழிந்துவிட்டது, இல்லை' என்றால் விட்டுவிடாதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்ட நில அளவை அலுவலகத்துக்கும் தனியாகக் கேளுங்கள். அங்கேயும் கிடைக்காவிட்டால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடலாம்.

பழைய படத்தில் அளவுகள் லிங்க்கில் இருக்கும். நூறு லிங்க் ஒரு சங்கிலி, அறுபத்தாறு அடி. புதிய படம் மீட்டரில். ஒரு லிங்க்கை 0.2012-ஆல் பெருக்கிப் பாருங்கள். பழைய படத்தில் வாய்க்கால் எங்கே வெட்டுகிறது, புதிய படத்தில் 3ஏ-வுக்கும் 3பி-க்கும் நடுவில் உள்ள கோடு அதிலிருந்து எத்தனை மீட்டர் வடக்கே இருக்கிறது என்று ஒரே தாளில் எழுதுங்கள். அலுவலர் பத்துப் பக்க மனுவைப் படிக்க மாட்டார். அந்த ஒரு தாளைப் பார்ப்பார்.

அப்புறம் அடங்கல், அதாவது யார் சாகுபடி செய்தார் என்ற பதிவு. 1985-க்குப் பிறகு 2019 வரை எத்தனை பசலிக்கு (வருவாய் ஆண்டு) கிடைக்கிறதோ அத்தனைக்கும் நகல் வாங்குங்கள்.

---

வாய்க்கால்கரை | 19 ஜனவரி 2025

ஐயா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு அப்பா படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். நாற்பது வருடம் கழித்து ஒருவராவது 'இது எங்கள் தப்பு' என்று சொன்னீர்களே, அது போதும் எனக்கு.

இரண்டு விஷயம் தெரிந்தது. யு.டி.ஆர். பதிவேட்டின் நகல் ரிட் வழக்குக் கட்டிலேயே இருந்தது, நான்தான் குறிப்புக் கலத்தைப் பார்க்கவில்லை. 3பி எதிரே ஒன்றுமே இல்லை. வெறும் காலி. இரண்டாவது, வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன். பக்கத்து வயல்காரரின் மூலப் பத்திரத்தில் 214/4, 92 சென்ட் மட்டும்தான். அவர்கள் கைக்கு 38 சென்ட் வந்ததற்கு ஒரு பத்திரமும் இல்லை. 2019 கிரயத்தில்தான் முதன்முறையாக 214/3பி என்ற எண்ணே வருகிறது.

படத்தையும் என் மகனை விட்டு அளக்கச் சொன்னேன். கோடு வாய்க்காலுக்கு 25 மீட்டர் வடக்கே. அந்த இடத்தில் வயலின் நீளம் 62 மீட்டர். பெருக்கினால் 1,550 சதுர மீட்டர், அதாவது அவர்கள் எழுதியிருக்கும் அதே 0.15.5 ஹெக்டேர். இவ்வளவு துல்லியமாக எங்கள் நிலத்தை அளந்து அடுத்தவருக்கு எழுதியிருக்கிறார்கள்.

---

கருப்பு அங்கி | 20 ஜனவரி 2025

வணக்கம். மதுரைக் கிளையில் தொழில் செய்கிறேன். வழக்குக் கட்டைப் பார்க்காமல் முடிவாக எதுவும் சொல்ல முடியாது, உங்கள் வழக்கறிஞரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். ஆனால் உங்கள் பதிவிலேயே ஒரு விஷயம் இருக்கிறது, அதை நீங்கள் கவனித்த மாதிரி தெரியவில்லை.

கடிதத்தில் யார் கையெழுத்து? 'வட்ட அலுவலகத்திலிருந்து' என்கிறீர்கள். ஆணை மாவட்ட வருவாய் அலுவலருக்கு. அவர்தான் அறிவிப்பு கொடுத்து, விசாரித்து, முடிவெடுக்க வேண்டும். வட்டாட்சியர் ஒரு பக்கம் எழுதி அனுப்புவது ஆணைக்குக் கீழ்ப்படிந்ததாகாது. உங்களுக்கு விசாரணை அறிவிப்பு வந்ததா? வாங்கியவருக்கு? இரண்டும் இல்லை என்றால் மாவட்ட வருவாய் அலுவலர் இன்றுவரை ஒன்றுமே செய்யவில்லை என்றுதான் பொருள். பொன்னேர் சொன்னது பொதுவாகச் சரி. உரிய அதிகாரி விசாரித்து 'முடியாது' என்று ஆணை போட்டிருந்தால், அவமதிப்பு வழக்கில் 'முடிவெடுத்துவிட்டார்' என்று முடித்துவிடுவார்கள், அந்த நிராகரிப்பை எதிர்த்துப் புதிதாக ரிட் போட வேண்டும். உங்கள் வழக்கு அந்தக் கட்டத்துக்கே வரவில்லை.

ஆனால் நாள் ஓடுகிறது. 4 மார்ச் 2024-லிருந்து 12 வாரம் என்றால் 27 மே 2024. நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், 1971, பிரிவு 20-ன்படி, அவமதிப்பு நடந்ததாகச் சொல்லப்படும் நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். இந்த மே மாதம் தாண்டினால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். முதலில் வழக்கறிஞர் மூலம் ஆணை நகலை இணைத்து ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். அவமதிப்பு மனு பதவியின் பெயரில் அல்ல, அந்த நாற்காலியில் இருக்கும் மனிதரின் பெயரில் போடுவது. அலுவலர் மாறியிருந்தால் இப்போது இருப்பவருக்கும் நகலைச் சேர்த்து, சேர்த்ததற்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன், பாதி வழக்குகள் அந்த நோட்டீஸிலேயே நகர ஆரம்பித்துவிடும்.

இன்னொரு கேள்வி. நிலத்தை வாங்கியவரை ரிட்டில் எதிர்மனுதாரராகச் சேர்த்தீர்களா?

---

வாய்க்கால்கரை | 20 ஜனவரி 2025

கடிதம் வட்டாட்சியர் பெயரில்தான். 'வட்டாட்சியருக்காக' என்று போட்டு வேறு யாரோ கையெழுத்திட்டிருக்கிறார்கள். விசாரணைக்கு ஒரு நாளும் கூப்பிடவில்லை. நான்கு மாதமாக இந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்திருப்பேன், யார் கையெழுத்து என்று பார்க்கத் தோன்றவில்லையே.

வாங்கியவரைச் சேர்த்திருக்கிறோம், ஐந்தாம் எதிர்மனுதாரர். அவர் தரப்பில் யாரும் ஆஜராகவில்லை.

---

கருப்பு அங்கி | 21 ஜனவரி 2025

சேர்த்தது நல்லது. பலர் அரசு அலுவலர்களை மட்டும் சேர்த்துவிட்டு எதிராளியை விட்டுவிடுகிறார்கள். அவரைக் கேட்காமல் அவர் பட்டாவைக் குறைத்தால் அந்த ஆணை அடுத்த மாதமே ரத்தாகும்.

இந்த ஆணை ஏன் 'திருத்து' என்று சொல்லாமல் 'விசாரி' என்று சொல்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இதில் மனம் உடைந்துபோகிறார்கள். ரிட் வழக்கில் சாட்சி விசாரணை கிடையாது, பிரமாணப் பத்திரம் மட்டும்தான். எல்லை எங்கே, யார் அனுபவித்தார் என்று இரண்டு தரப்பும் வேறு வேறாகச் சொன்னால் அங்கே தீர்க்க முடியாது. அதனால் சட்டப்படி யார் தீர்க்க வேண்டுமோ அவரைத் தீர்க்கச் சொல்கிறார்கள். பிழை இருக்கிறது என்று ஏற்கெனவே ஒரு அதிகாரி கண்டுபிடித்துப் பதிவு செய்த பிறகும் திருத்தாமல் வைத்திருந்தாலோ, சிவில் கோர்ட் தீர்ப்பு இறுதியாகியும் பதிவேட்டில் ஏற்றாமல் இருந்தாலோ நேரடியாக 'இத்தனை நாளுக்குள் திருத்து' என்றே ஆணை கிடைக்கும். அப்போது அலுவலருக்கு யோசிக்க எதுவும் மிச்சமில்லை, செய்ய வேண்டியது மட்டும்தான் பாக்கி.

'உரிமைப் பிரச்சினை' என்று அவர்கள் எழுதியதற்கு உங்கள் பதில் இதுதான். பட்டாவால் உரிமை வருவதில்லை, போவதும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லியிருக்கிறது, பிறகும் பலமுறை சொல்லியிருக்கிறது. வாங்கியவருக்கு விற்றவரிடம் எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான் வரும். விற்றவரின் மூலப் பத்திரம் 92 சென்ட். மீதி 38 சென்டுக்கு அவர் காட்டக்கூடியது நீங்கள் கேள்வி கேட்கும் அதே யு.டி.ஆர். பதிவு மட்டும்தான். இது சிக்கலான உரிமைப் பிரச்சினை இல்லை, பதிவுப் பிழை. விசாரணையில் இதைத்தான் முதல் வரியாகச் சொல்ல வேண்டும்.

அதே நேரம் சிவில் வழக்கையும் ஒதுக்கிவிடாதீர்கள். பட்டா பாஸ் புத்தகச் சட்டம், 1983, பிரிவு 14 பதிவை எதிர்த்து நேரடியாக அரசின்மேல் வழக்குப் போடத் தடை சொன்னாலும், தன் உரிமை பாதிக்கப்பட்டவர் உரிமை விளம்புகை (உரிமை தனக்கே என்று கோர்ட் அறிவிப்பது) கோரி வழக்குப் போடலாம், தீர்ப்புப்படி பதிவு திருத்தப்படும் என்று அதே பிரிவு சொல்கிறது. அரசைச் சேர்த்தால் இரண்டு மாத முன் அறிவிப்பு வேண்டும். விளம்புகைக்கு மூன்று வருடக் காலவரம்பு. உங்களுக்கு அது எப்போது தொடங்குகிறது என்பது வாதத்துக்குரியது, ஆகவே தள்ளிப்போடாமல் உங்கள் வழக்கறிஞரிடம் இதைத் தனியாகக் கேளுங்கள். வழக்கு நிலுவையில் இருக்கும்போது இப்போதைய பட்டாதாரர் வேறு யாருக்காவது விற்றாலும் வாங்குபவர் உங்கள் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட வேண்டும். தரிசாகக் கிடக்கிற நிலம், மறுபடியும் கை மாறாது என்று என்ன நிச்சயம்?

---

மேலவீதி | 23 ஜனவரி 2025

நான் இந்தப் பாதையில் கடைசிவரை போய் வந்தவன், அதனால் எழுதுகிறேன்.

எங்களுடையது வீட்டு மனை. நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) அளவையில் பின்பக்கம் எட்டு அடி அகலத்துக்குத் தெரு என்று காட்டிவிட்டார்கள். அங்கே தெருவே கிடையாது, என் தாத்தா தோண்டிய கிணறுதான் இருக்கிறது. முதல் ஆணை உங்களைப் போலத்தான், 'பரிசீலி'. நிராகரித்தார்கள். காரணம் சொல்லாமல் நிராகரித்ததால் இரண்டாவது ரிட்டில் அதை ரத்து செய்து, இரு தரப்பும் இருக்கும்போது மறு அளவை செய்து எட்டு வாரத்தில் அறிக்கை தரச் சொன்னார்கள். அதையும் செய்யவில்லை. அவமதிப்பு மனு போட்டு, அலுவலர் நேரில் வர வேண்டும் என்று கோர்ட் சொன்ன அந்த வாரம்தான் சர்வேயர் எங்கள் வாசலுக்கு வந்தார். மொத்தம் ஆறு வருடம்.

மறு அளவை நாளில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். பக்கத்து எல்லைக்காரர்களுக்கு நோட்டீஸ் போயிருக்கிறதா என்று பார்க்கவில்லை. ஒருவருக்குப் போகவில்லை, அவர் வந்து தகராறு செய்ததும் அளவையை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். மறுபடியும் மூன்று மாதம். அளந்து முடித்ததும் பஞ்சநாமாவில் (சாட்சிகள் முன் எழுதும் அறிக்கை) என்ன எழுதுகிறார்கள் என்று படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுங்கள்.

அப்புறம், ஆணை வந்ததும் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். எங்களுக்குத் திருத்த ஆணை வந்து ஐந்து மாதம் வரை கணினியில் பழைய படமேதான் இருந்தது. இணையத்தில் சிட்டா திறந்தால் சரியாக இருக்கும், புலப்படம் திறந்தால் பழைய கோடு. இரண்டையும் திருத்துவது வேறு வேறு ஆட்கள். அ பதிவேடு, சிட்டா, புலப்படம் மூன்றையும் தனித்தனியாகத் திறந்து பார்த்து அச்சு எடுத்து வையுங்கள். உங்களுடையதில் 3பி என்ற உட்பிரிவே போய் மறுபடி முழு 214/3 வர வேண்டும். வெறும் பெயரை மட்டும் மாற்றிவிட்டு 3பி-யை அப்படியே வைத்திருந்தால், நாளைக்கு உங்கள் பிள்ளைகள் காலத்தில் இதே கேள்வி மறுபடி வரும்.

அந்தக் கிணற்றில்தான் இன்றும் தண்ணீர் எடுக்கிறோம். விட்டுவிடாதீர்கள் அக்கா.

---

வாய்க்கால்கரை | 9 மார்ச் 2025

எல்லோருக்கும் ஒரு தகவல். பிப்ரவரி முதல் வாரத்தில் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பினார். மாவட்ட வருவாய் அலுவலரிடமிருந்து விசாரணை அறிவிப்பு வந்துவிட்டது. மார்ச் 20, காலை 11 மணி. எனக்கும் வாங்கியவருக்கும் இரண்டு பேருக்கும் போயிருக்கிறது. 27 மேக்குள் ஆணை வராவிட்டால் அவமதிப்பு மனு தயாராக இருக்கிறது என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார். சிவில் வழக்குக்கான முன் அறிவிப்பும் அனுப்பியாகிவிட்டது.

சங்கிலிக்காரர் ஐயா சொன்னபடி எல்லாம் ஒரே தாளில் வரைந்துவிட்டோம். பழைய படம் ஒரு பக்கம், புதிய படம் ஒரு பக்கம், நடுவில் வாய்க்கால் நீல மையில். அடங்கல் 21 பசலிக்குக் கிடைத்தது, எல்லாவற்றிலும் சாகுபடிக் கலத்தில் அப்பா பெயர். பழைய அ பதிவேடு வட்ட அலுவலகத்தில் இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள், மாவட்ட நில அளவை அலுவலகத்தில் இருந்தது.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. வாங்கியவரை நான் இதுவரை எதிரியாகவே பார்த்திருக்கிறேன். இப்போது யோசித்தால் அவரும் பட்டாவை நம்பிப் பணம் கொடுத்தவர். விசாரணைக்கு முன்னால் அவரைப் போய்ப் பார்க்கலாமா? அது எங்கள் வழக்கைக் கெடுத்துவிடுமா?

---

சங்கிலிக்காரர் | 9 மார்ச் 2025

போய்ப் பாருங்கள் அம்மா. தனியாகப் போக வேண்டாம், ஊரில் இரண்டு பேருக்கும் பொதுவான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், எதிலும் கையெழுத்து வாங்காதீர்கள். அந்த ஒரு தாளை மட்டும் காட்டுங்கள். 38 சென்டுக்குக் கொடுத்த பணத்தை அவர் கேட்க வேண்டிய இடம் விற்றவரிடம், உங்களிடம் இல்லை என்பதை அவர் வழக்கறிஞர் அவருக்குச் சொல்லுவார். அவர் விசாரணையில் ஆட்சேபிக்காமல் இருந்தாலே உங்கள் வேலை பாதி குறையும்.

20-ம் தேதி நானும் வரட்டுமா? படத்தைப் படிக்கத் தெரிந்த ஒரு ஆள் உங்கள் பக்கத்தில் நிற்பது நல்லது. பஸ் விட்டு இறங்கினால் எங்கே வர வேண்டும் என்று மட்டும் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.